எபி. 2:20 என்று ஒரு வசனம் இல்லை

2022ஆம் ஆண்டு லெந்து காலம் (ஈஸ்டருக்கு முந்தின தபசு நாட்கள்), மார்ச் கடைசி. நாளுக்கு 10 மணித்தியாலம், 13 மணித்தியாலம் என்று கரண்ட் வெட்டிய நாட்கள். மட்டக்களப்பு, கல்லடியில் எங்கள் வீட்டு விறாந்தையில் புதன்கிழமை வேதபாடம். ஒரு சார்ஜ் லைட்டைச் சுற்றி எட்டுப் பேர், ஒரு நுளம்புத்திரி, ஆளுக்குப் பாதித் தாள். கடதாசி விலை ஏறிக் கிடந்த நேரம் என்பதால் முழுத் தாள் கொடுக்க மனம் வரவில்லை. அந்தப் பாதித் தாளின் கடைசி வரியில் நான் அடித்திருந்தது: எபி. 2:20.

எல்லாரும் வேதாகமத்தைப் புரட்டினார்கள். ஒருவரும் வாசிக்கத் தொடங்கவில்லை.

"எபிரெயர் ரெண்டாம் அதிகாரம் பதினெட்டோட முடிஞ்சிருதே, மனே" என்றார் மேசன் மாமா.

நான் சொல்ல வந்தது எபேசியர் 2:20. இரண்டும் புதிய ஏற்பாட்டு நிருபங்கள். சுருக்கினால் எபே., எபி. என்று ஒரு கொம்புதான் வித்தியாசம். அந்தப் பிழை எப்படி வந்தது என்று சொல்லப் போனால், வேதாகம மென்பொருளில் நான் ஆறேழு வருடமாகப் பாவித்துவரும் ஒரு வசதியைப் பற்றி முழுதாகச் சொல்ல வேண்டிவரும்.

நான் இறையியல் படித்தவன் இல்லை. பாடசாலையில் கணிதம் படிப்பிக்கிறேன். மெதடிஸ்த சபையில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பிரசங்க முறை வரும், புதன்கிழமைகளில் இந்த வேதபாடம். முன்பெல்லாம் எந்தச் சொல் எந்த வசனத்தில் வருகிறது என்று காட்டும் தடித்த ஒத்துவாக்கியப் புத்தகமும், வேதாகமத்து ஓரக் குறிப்புகளும், ஒரு மஞ்சள் ஹைலைட்டரும்தான் என் ஆயுதம். மருமகன் ஒருநாள் பழைய லெப்டொப்பில் வேதாகம மென்பொருள் போட்டுத் தந்த பிறகுதான் இந்தப் பக்கம் வந்தேன்.

"ஹைலைட்" என்றதும் எல்லாரும் நினைப்பது நாமே வசனத்துக்கு நிறம் பூசுவதை. அது வேறு. நான் சொல்வது, நீங்கள் ஒரு வசனத்தில் நிற்கும்போது, பக்கத்தில் திறந்திருக்கும் விளக்கவுரையில் அந்த வசனம் எங்கெல்லாம் குறிப்பிடப்பட்டிருக்கிறதோ அந்த இடங்களை மென்பொருள் தானாகவே நிறம் மாற்றிக் காட்டுவது. நீங்கள் அடுத்த வசனத்துக்குப் போனால் பழைய நிறம் போய்விடும், புது இடங்கள் நிறம் மாறும். முப்பது பக்கக் கட்டுரையில் உங்களுக்கு வேண்டிய வசனத்தைப் பற்றி மூன்றே வரி இருக்கிறது என்றால், அந்த மூன்று வரியைக் கண் உடனே பிடித்துவிடும்.

லோகொஸ் மென்பொருளில் இது 'எம்ஃபசைஸ் ஆக்டிவ் ரெஃபரன்சஸ்' என்ற பெயரில், புத்தகப் பலகத்தின் விசுவல் ஃபில்டர் பட்டியலுக்குள் இருக்கிறது. அதைச் சரி போட்டால் மட்டும் போதாது. வேதாகமப் பலகத்தையும் விளக்கவுரைப் பலகத்தையும் ஒரே இணைப்புக் குழுவில் சேர்க்க வேண்டும். இரண்டுக்கும் 'ஏ' என்று கொடுத்தால் இரண்டும் சேர்ந்து நகரும். இதைச் செய்யாமல் "வேலை செய்யவில்லை" என்று விட்டுவிட்டவர்கள் எனக்குத் தெரிந்தே இரண்டு பேர். காசு கொடுக்க வழியில்லாதவர்களுக்கு ஈ-சோர்ட் இருக்கிறது. ரிக் மேயர்ஸ் என்பவர் 2000இல் வெளியிட்ட இலவச விண்டோஸ் மென்பொருள். அதில் வசனக் குறிப்பின்மேல் மௌஸை வைத்தால் வசனமே ஒரு சின்னப் பெட்டியில் வரும். பழைய லெப்டொப்புக்கு அது தாராளம். போனில் ஆன்ட்பைபிள் போன்றவற்றில் இரண்டு சாளரத்தைத் திறந்து ஒன்றாக நகர்த்தலாம். நான் போனில் அதோடு நிறுத்திக்கொள்கிறேன், சின்னத் திரையில் நிறங்கள் தலையிடிதான்.

கரண்ட் இல்லாத அந்த நாட்களில் இன்னொன்று விளங்கியது. புத்தகங்களை முன்பே இறக்கி வைத்திருந்தால் இணையம் தேவையில்லை. என் லெப்டொப் பெற்றறி ஒரு மணித்தியாலமும் கொஞ்சமும் தாங்கும். அந்த ஒரு மணித்தியாலத்துக்குள் தேடி முடிக்க வேண்டும் என்றால், தானாக நிறம் மாறுவது ஆடம்பரம் இல்லை.

சரி, வேலை எப்படி நடக்கிறது? மின்புத்தகம் தயாரிக்கிறவர்கள் ஒவ்வொரு வசனக் குறிப்புக்கும் பின்னால் கண்ணுக்குத் தெரியாத ஒரு முகவரியை ஒட்டிவைக்கிறார்கள். மென்பொருள் எழுத்தைப் பார்ப்பதில்லை, முகவரியை முகவரியோடு ஒப்பிடுகிறது. அதனால்தான் இடது பக்கம் தமிழ் வேதாகமமும் வலது பக்கம் ஆங்கில விளக்கவுரையும் இருந்தாலும் நிறம் சரியாக வந்து விழுகிறது. இந்த வசதியின் பலமும் இதுதான், பலவீனமும் இதுதான். முகவரி ஒட்டாத இடம் நிறம் மாறாது. அதை நான் சபையாருக்கு முன்னால் தலையில் குட்டு வாங்கித்தான் படித்தேன்.

அந்த லெந்து காலத்துக்கு நான் எடுத்தது சங்கீதம் 118. குறிப்பாக 22ஆம் வசனம்: வீடுகட்டுகிறவர்கள் ஆகாதென்று தள்ளின கல்லே, மூலைக்குத் தலைக்கல்லாயிற்று. வசனத்தில் நின்று, புதிய ஏற்பாட்டு விளக்கவுரைகளைத் திறந்தேன். மத்தேயு 21:42, மாற்கு 12:10, லூக்கா 20:17, அப்போஸ்தலர் 4:11, 1 பேதுரு 2:7. ஐந்தும் அழகாக நிறம் மாறி நின்றன. பேதுருவின் இடத்தில் ஏசாயா 28:16உம் 8:14உம் சேர்ந்தே வருகின்றன. கல்லைப் பற்றிய மூன்று பழைய வசனத்தை ஒரே மூச்சில் கோக்கிறார். எனக்கு நல்ல சந்தோஷம். கொப்பியில் "ஐந்து இடம்" என்று எழுதி இரண்டு கோடு போட்டேன்.

முதல் புதன்கிழமை அந்த ஐந்தையும் சொல்லி முடித்தேன். மேசன் மாமா தாடையைத் தடவிக்கொண்டிருந்தார். எங்கள் ஊரில் பாதி வீடுகளுக்கு அத்திவாரம் போட்டவர், சுனாமிக்குப் பிறகு கட்டிய வீடுகள் உட்பட. மெதுவாகக் கேட்டார்: "எபேசியர்ல ஒரு மூலைக்கல் கிடக்கே. அத ஏன் விட்டுட்டாய்?"

என்னிடம் பதில் இல்லை. உண்மையைச் சொன்னால், "அது நிறம் மாறவில்லை" என்பதுதான் பதில். அதை எப்படி வாயைத் திறந்து சொல்வது?

வீட்டுக்குள் போய்ப் பார்த்தேன். எபேசியர் 2:20இல் பவுல் சங்கீதத்தை மேற்கோள் காட்டவில்லை. மூலைக்கல் என்ற சொல்லை மட்டும் எடுத்து ஒரு வீடே கட்டிவிடுகிறார். நான் திறந்துவைத்திருந்த விளக்கவுரை அந்த இடத்தில் ஏசாயா 28:16ஐ மட்டும் குறிப்பிட்டுவிட்டுப் போயிருந்தது. சங்கீதத்தின் முகவரி அந்தப் பக்கத்தில் இல்லை. இல்லாததை மென்பொருள் எப்படிக் காட்டும்? பிறகு 'ட்ரெஷரி ஒஃப் ஸ்க்ரிப்சர் நொலெட்ஜ்' என்ற இணைவசனத் தொகுப்பைத் திறந்தேன். 19ஆம் நூற்றாண்டின் வேலை. கிட்டத்தட்ட 5 இலட்சம் இணைவசனங்கள், விளக்கம் மிகக் குறைவு, பெரும்பாலும் வெறும் குறிப்புகள். இலவசமாகவே கிடைக்கிறது. அதில் எபேசியரும் இருந்தது, சகரியா 4:7உம் இருந்தது. அன்றிலிருந்து ஒரு விளக்கவுரையின் நிறத்தை மட்டும் பார்த்து "இத்தனை இடம்தான்" என்று நான் எண்ணிக்கை சொல்வதில்லை. இணைவசனத் தொகுப்பு ஒன்று எப்போதும் மூன்றாவது பலகத்தில் திறந்திருக்கும்.

இதற்குப் போய் மென்பொருளையே மூடிவைத்துவிட்டு, பழையபடி சொல்லைத் தேடிப் பார்த்தால் போதாதா என்று கேட்கலாம். போதாது. அதே சங்கீதத்தில் 25ஆம் வசனத்தைப் பாருங்கள்: "கர்த்தாவே, இரட்சியும்." குருத்தோலை ஞாயிறன்று பிள்ளைகள் ஓலையை ஆட்டிக்கொண்டு "ஓசன்னா" என்று பாடுவது இந்த வசனத்தைத்தான். சங்கீதத்தில் தமிழாகிவிட்ட சொல் மத்தேயுவில் எபிரேயச் சத்தத்தோடு அப்படியே நிற்கிறது. அடுத்த வசனம் இன்னும் சுவாரசியம். கர்த்தருடைய நாமத்தினாலே வருகிறவரைச் சங்கீதம் 118:26இல் நம் பழைய மொழிபெயர்ப்பு 'ஆசீர்வதிக்கப்பட்டவர்' என்கிறது. மத்தேயு 21:9இல் அவரையே 'ஸ்தோத்திரிக்கப்பட்டவர்' என்கிறது. தமிழ்ச் சொல்லை வைத்துத் தேடினால் இந்த இரண்டும் ஒன்றையொன்று சந்திக்கவே சந்திக்காது. முகவரியை வைத்துத் தேடினால் ஒரு நொடியில் சந்திக்கும். தமிழில் படிக்கிறவர்களுக்கு இந்த வசதி ஆங்கிலக்காரரைவிடக் கூடுதலாகத் தேவை என்று நான் நினைப்பது இதனால்தான்.

ஆனால் நான் 22ஆம் வசனத்திலேயே நின்றுகொண்டிருந்தவரை இது ஒன்றும் கண்ணில் படவில்லை. 25, 26க்கு வேறு முகவரி அல்லவா? எபேசியரைத் தேடிய இரவில்தான், தற்செயலாக, வசனத்துக்குப் பதில் 'சங்கீதம் 118' முழுவதையும் கொடுத்துப் பார்த்தேன். மத்தேயு 21ஆம் அதிகார விளக்கம் திறந்திருந்தது. மேலே 9ஆம் வசனத்தில் ஒரு நிறம், கீழே 42ஆம் வசனத்தில் ஒரு நிறம். அதிகாரத்தின் தொடக்கத்தில் சனங்கள் பாடுகிற சங்கீதத்தையே, முடிவில் இயேசு பிரதான ஆசாரியரைப் பார்த்துச் சொல்கிறார். இன்னும் தள்ளிப்போனால் 23:39இல் எருசலேமை நினைத்துப் புலம்பும்போதும் அதே சங்கீதம். 26:30இல் பஸ்கா இரவில் ஸ்தோத்திரப்பாட்டைப் பாடிவிட்டு ஒலிவ மலைக்குப் போகிறார்கள். யூதர் அந்த இராப்போசனத்தில் பாடுவது 113 முதல் 118 வரையான சங்கீதங்கள். குருத்தோலை ஞாயிறு தொடங்கிப் பெரிய வியாழன் இரவு வரை, அந்தக் கிழமை முழுவதும் பின்னணியில் ஒரே பாட்டு ஓடிக்கொண்டிருக்கிறது. முப்பது வருடமாக இந்த அதிகாரங்களை வாசிக்கிறேன். எனக்கு இது தெரியாது.

புதிய ஏற்பாட்டுக்கு வசன எண் போட்டவர் ரொபேர் எஸ்தியேன் என்ற பிரெஞ்சு அச்சுக்காரர், 1551இல். மத்தேயுவுக்கு '22ஆம் வசனம்' என்று ஒன்று தெரியாது, பாட்டுத்தான் தெரியும். ஆகவே இப்போது நான் செய்வது: முதலில் முழு அதிகாரத்தையும் கொடுத்து நிறம் எங்கெங்கே விழுகிறது என்று ஒருமுறை மேலோட்டமாகப் பார்ப்பேன். பிறகு பகுதி, பிறகு வசனம். முன்பு தலைகீழாகச் செய்துகொண்டிருந்தேன். ஒரே ஒரு தொல்லை, முழு அதிகாரத்தைக் கொடுத்துச் சங்கீத விளக்கவுரையையே திறந்தால் பக்கம் முழுவதும் தீபாவளி மாதிரி எரியும். அந்தப் புத்தகத்துக்கு மட்டும் ஒளிர்வை அணைத்துவிட வேண்டும்.

எண்களில் இன்னும் இரண்டு குழி இருக்கிறது. எபிரேய வேதத்தில் பல சங்கீதங்களின் தலைப்பும் வசனமாக எண்ணப்படும். 51ஆம் சங்கீதத்துக்கு நம்மிடம் 19 வசனம், அவர்களிடம் 21. பழைய விளக்கவுரை ஒன்று எபிரேய எண்ணைப் போட்டிருந்து, மின்புத்தகம் தயாரித்தவர் அதைச் சரிசெய்யாமல் விட்டிருந்தால், நிறம் இரண்டு வசனம் தள்ளி விழும். மற்றது, புளியந்தீவில் எனக்கொரு கத்தோலிக்க நண்பர் இருக்கிறார். அவருடைய தாத்தாவின் பழைய புத்தகத்தில் 'சங். 118' என்ற குறிப்பைப் பார்த்துத் திறந்தால், அது 176 வசனமுள்ள நீண்ட சங்கீதம்! இலத்தீன் வேதாகமத்தின் எண் முறை அப்படி. நம்முடைய 118 அதில் 117. இன்றைய கத்தோலிக்கத் திருவிவிலியத்தில் இந்தக் குழப்பம் இல்லை, திபா (திருப்பாடல்) 118 என்றால் இதே சங்கீதம்தான். பழைய புத்தகம் என்றால் மட்டும் நிறத்தை நம்புவதற்கு முன் ஒரு வசனத்தையாவது திறந்து வாசித்துப் பாருங்கள்.

இப்போது எபி. 2:20க்கு வருகிறேன்.

என் சொந்தக் குறிப்புகளை நான் மென்பொருளுக்குள்ளேயே எழுதுவேன். அப்போதுதான் என் பழைய பிரசங்கக் குறிப்பிலும் அந்த வசனம் நிறம் மாறும். ஆனால் என் கணினியில் இருக்கும் மென்பொருளுக்குத் தமிழ்ச் சுருக்கங்கள் விளங்காது. 'சங். 118:22' என்று அடித்தால் அது வெறும் எழுத்து. விளங்கினாலும் நம் சுருக்கங்களை வைத்து என்ன செய்வது? யோசுவா, யோபு, யோவேல், யோனா, யோவான் எல்லாம் 'யோ'. 'எஸ்.' என்றால் எஸ்றாவா எஸ்தரா? ஆகவே குறிப்பைத் தமிழில் எழுதி, வசன எண்ணுக்கு முன்னால் மட்டும் ஆங்கிலச் சுருக்கத்தைப் போடுவேன். அது உடனே இணைப்பாக மாறும். கூட்டத்துக்குக் கொடுக்கும் தாளுக்காக அதையே பிரதி எடுத்து, சுருக்கங்களை ஒவ்வொன்றாகத் தமிழாக்குவேன். அந்த இரவு எபேசியரின் ஆங்கிலச் சுருக்கத்தை வாய்க்குள் சொல்லிக்கொண்டே அடித்திருக்கிறேன். வாய் 'எஃபி' என்றது, விரல் 'எபி' என்று அடித்தது. பெற்றறி 6 சதவீதம். அப்படியே போட்டோகொப்பிக் கடைக்கு ஓடினேன்.

அதே பிழையை மென்பொருளுக்குள் விட்டிருந்தால் பிடிபட்டிருக்கும். எபிரெயர் 2க்கு 18 வசனம்தான், 20 என்று அடித்தால் அந்தக் குறிப்பின்மேல் மௌஸை வைக்கும்போது வசனம் வராது. பிடிபடாதவை எவை என்றால், இல்லாத வசனமல்ல, இருக்கிற தவறான வசனங்கள். எபே. 2:10க்குப் பதில் எபி. 2:10 என்று விழுந்திருந்தால் அதுவும் ஒரு வசனம்தான், ஆட்கள் அதை வாசித்து, ஏதோ ஆழமான அர்த்தம் என்று தலையாட்டியிருப்பார்கள். இப்போது தாளில் சுருக்கமே போடுவதில்லை. எபேசியர் என்று முழுதாக அடிக்கிறேன். கடதாசி கொஞ்சம் கூடுதலாகப் போகும், போகட்டும்.

நிறங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. நான் கையால் பூசும் மஞ்சளும், மென்பொருள் தானாகக் காட்டும் நிறமும் ஆரம்பத்தில் ஒரே மாதிரி இருந்தன. ஆறு மாதம் கழித்து ஒரு பக்கத்தைத் திறந்தால் எது என் மனம் தொட்டது, எது கணினி தொட்டது என்று தெரியவில்லை. இப்போது என்னுடையது எல்லாம் அடிக்கோடு, பின்னணி நிறம் கணினிக்கு விட்டாயிற்று. சபையில் புரொஜெக்டரில் காட்டும்போது வெளிர் மஞ்சள் வெள்ளைச் சுவரில் அடிபட்டுப் போய்விடும், பின் வாங்கில் இருக்கிறவர்களுக்கு ஒன்றும் தெரியாது. கடும் நீலமோ தடித்த எழுத்தோ போடுங்கள்.

அன்றைக்குப் பிழை திருத்தப்பட்டு, எபேசியர் 2:20 வாசித்து முடிந்த பிறகு மேசன் மாமா சும்மா இருக்கவில்லை. மூலைக்கல் என்றால் என்ன என்று எங்களுக்குக் காட்ட வேண்டும் என்றார். விறாந்தை மூலையில் இருந்த என் பிள்ளைகளின் கொப்பிகளை எடுத்து அடுக்கினார். முதல் கொப்பியைச் சுவர் மூலையில் வைத்து, கண்ணைச் சுருக்கிப் பார்த்து, அரை அங்குலம் தள்ளி, திரும்பப் பார்த்தார். அதிலிருந்து இரண்டு பக்கமும் நூல் பிடிக்கிறமாதிரிக் கையை நீட்டினார். "இது கோணினா அங்கால பத்தடியில ஒரு சாண் கோணும். கல்லு பாரமா இருக்கோணுமெண்டு இல்ல, நேரா இருக்கோணும். வேண்டாமெண்டு ஒதுக்கின கல்லுக்குள்ளதான் சிலநேரம் அப்பிடி நேரான ஒண்டு கிடக்கும்."

அப்புறம் கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்டார்: "ஆனா சங்கீதத்தில 'தலைக்கல்' எண்டு கிடக்கே. தலையில வைக்கிறதா, மூலையில வைக்கிறதா?"

சகரியா 4:7இல் தலைக்கல்லைக் கொண்டுவருவது வேலை முடியும்போது. அப்படியென்றால் கல் உச்சியில். எபேசியரில் அது அத்திவாரத்தோடு சேர்த்துச் சொல்லப்படுகிறது. அப்படியென்றால் கீழே. அறிஞர்களும் இதில் இரண்டு கட்சிதான். லெப்டொப்பைத் திறந்து இரண்டு விளக்கவுரையை அவருக்கு வாசித்துக் காட்டலாம் என்று பார்த்தேன். திரை ஒருதரம் மின்னிவிட்டு அணைந்துபோனது. என் குறிப்பில் 118:22க்குப் பக்கத்தில் அன்று பேனையால் போட்டு, பிறகு மென்பொருளிலும் ஏற்றிய கேள்விக்குறி இன்னும் அப்படியே இருக்கிறது. மாமா கேட்கும்போதெல்லாம் "பார்த்துக்கொண்டிருக்கிறன் மாமா" என்கிறேன்.